பழுப்புக் குச்சி தீர்ந்துபோனால்

சில வருடங்களுக்கு முன் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியப் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்தார்கள். தலைப்பு, வழக்கம்போல இயற்கைக் காட்சி. மேசைமேல் நாற்பது தாள் வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கில் புறப்பட்டு அகன்றுகொண்டே வரும் ஆறு, ஓரத்தில் ஒரு கூரைவீடு, ஒரு தென்னை. மலை பழுப்பு, ஆறு நீலம், புல் பச்சை. அந்தப் பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நார்த்தாமலை வந்துவிடும். அங்கே முக்கோண மலை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் யானை படுத்த மாதிரி வழவழத்த பாறை முதுகுகள். வருடம் முழுக்க ஓடும் ஆறும் இந்த வட்டாரத்தில் இல்லை. பிள்ளைகள் வரைந்தது அவர்கள் பார்த்த ஊரை இல்லை, கரும்பலகையில் பார்த்த படத்தை.

ஒரே ஒரு தாளில் மலை ஊதா நிறத்தில் இருந்தது. வடிவம் அதே முக்கோணம்தான், ஆனால் அடர்ந்த ஊதா, விளிம்பில் ஆரஞ்சு. மற்ற இரு நடுவர்களும் 'கலர் தப்பு' என்று ஒதுக்கினார்கள். முடிவுத்தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து ஏன் ஊதா அடித்தாய் என்று கேட்டேன். "பிரவுன் தீந்துபோச்சு சார்" என்றாள்.

நிலக்காட்சி ஓவியத்தில் துணிந்த வண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பதில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளுணர்வு, சுதந்திரம், ஆன்மாவின் வெளிப்பாடு என்று ஓவிய நூல்கள் பெரிய வார்த்தைகள் சொல்கின்றன. நான் பார்த்தவரை அதில் பாதி, கையில் குச்சி குறைவாக இருப்பது. மீதிப் பாதி, நிலத்தோடு நெடுநாள் பழகிய கண். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் துணிச்சல் வெறும் பகட்டாகிவிடுகிறது.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த குச்சிக்கே ஒரு கதை உண்டு. நம் பள்ளிகளில் 'கிரேயான்ஸ்' என்றும் 'பேஸ்டல்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்லப்படும் ஆயில் பேஸ்டல் ஜப்பானில் பிறந்தது. யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் பிரான்ஸிலிருந்து ரஷ்யா வழியாக 1916இல் ஊர் திரும்பினார். வழியில் ரஷ்யக் குழந்தைகளின் படங்களைப் பார்த்து அசந்துபோனார். அந்நாளைய ஜப்பானியப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்றால் மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுவது. அதை எதிர்த்து 1919இல் அவர் குழந்தைகளின் சுதந்திர ஓவியங்களுக்குக் கண்காட்சி வைத்தார். அதிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பியது. வெளியே உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை வரைய, சுத்தமான நிறமும் குழந்தைக் கைக்கு இசைவான மென்மையும் உள்ள குச்சி தேவைப்பட்டது. சகுரா நிறுவனம் 1925இல் கொண்டுவந்த ஆயில் பேஸ்டல் அந்தத் தேவையிலிருந்து வந்தது. பார்த்து எழுதும் வழக்கத்தை ஒழிக்கப் பிறந்த குச்சி அது. நம் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள்.

பேஸ்டலின் குணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணெய் சேராத மென்பேஸ்டல் என்பது நிறத்தூளைச் சிறிது பிசினோடு பிசைந்து உருட்டிக் காயவைத்த குச்சி. நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், தைலவண்ணம் நாளாக ஆக மஞ்சளிக்கும். பேஸ்டல் தாளில் விழுந்த நொடியில் என்ன நிறமோ கடைசிவரை அதே நிறம். தட்டில் குழைத்துப் புது நிறம் செய்ய முடியாது. இருக்கிற குச்சிகளில் பக்கத்தில் வருவது எது என்று எடுத்து இழுக்க வேண்டும், உடனே, அந்த இடத்திலேயே. சொரசொரப்பான தாளின் மேடுகளில் ஒரு நிறம் ஒட்டும், பள்ளங்களில் அடியில் உள்ளது எட்டிப்பார்க்கும். இரண்டும் தாளில் கலப்பதில்லை, பார்ப்பவர் கண்ணில் கலக்கின்றன. முதிய வயதில் பிரெஞ்சு ஓவியர் தெகா அடுக்கடுக்காகப் பேஸ்டல் ஏற்றியது இதை நம்பித்தான். பன்னிரண்டு குச்சி உள்ள டப்பாவில் பாறைக்குச் சரியான நிறம் ஒருநாளும் இருக்காது. அதனால் 'சரியான' நிறத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, பக்கத்து நிறத்தோடு சேர்ந்தால் எது பாறையாக நிற்கும் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். ஓவியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

பாறை ஊதாவா என்று கேட்டால், ஆமாம், ஊதாதான். நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிறது. மேற்கு பார்த்த கோயில். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதன் முன்னால் பாறையில் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் சாம்பலாகக் கிடந்த கருங்கல் மெல்ல ரோஜா நிறத்துக்கு ஏறி, செம்பாகி, சில நிமிடம் தணல் போல நிற்கும். அதே நேரம் விமானத்தில் நிழல் விழுந்த பகுதியைக் கவனித்தால், அது கறுப்பில்லை. நீலமோ ஊதாவோ என்று தடுமாற வைக்கும் நிறம். காரணம் எளியது. சாயும் வெயில் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வரும்போது அதன் நீலம் வழியில் சிதறிப்போகிறது. மிச்சமுள்ள மஞ்சளும் சிவப்பும் பாறையில் விழுகின்றன. நிழலுக்கோ சூரியன் எட்டாது. வானம் மட்டுமே வெளிச்சம் தருகிறது, வானத்தின் நிறம் நீலம். பக்கத்தில் செம்பு நிறம் இருப்பதால் கண் அந்த நீலத்தை இன்னும் கூட்டிக் காட்டும். பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புத் தாரைகள்கூட அந்த வெளிச்சத்தில் கரும்பச்சையாகத் தெரியும்.

இன்னொன்று, மாட்டுக்காரர்களுக்குத் தெரியும், படம் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை. செம்மண் பொட்டலில் நிற்கும் வெள்ளைப் பசுவின் அடிவயிறு வெள்ளையாக இருக்காது. தரையிலிருந்து எம்பும் வெளிச்சத்தில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். கீரனூரைச் சுற்றிச் செம்மண் அதிகம். இங்கே வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, வெள்ளை மாடு எல்லாவற்றின் கீழ்ப்பக்கமும் மண்ணின் நிறம் ஏறித்தான் இருக்கிறது. பசு வெள்ளை என்று தெரிந்திருப்பதால் நாம் வெள்ளை அடிக்கிறோம். தெரிந்ததை மறந்து பார்த்ததை அடிப்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

இந்தத் துணிவு நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. கீரனூரிலிருந்து அன்னவாசல் வழியாகப் போனால் சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயில் குகையின் முன்மண்டபக் கூரையில் ஒரு தாமரைக்குளம் எழுதியிருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியங்களை அக்காலத்தவை என்று கொள்வோரே இப்போது அதிகம். முன்பு மகேந்திர பல்லவன் காலத்தவை என்றார்கள். புதுக்கோட்டை வரலாற்றாளர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் இந்தக் குகையைப் பற்றி எழுதினார். 1920இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் ஓவியங்களை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். சமணர்களுக்கு அந்தக் குளம், தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் மண்டபமான சமவசரணத்தின் ஒரு பகுதி. நமக்கு, தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலக்காட்சிகளில் ஒன்று.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் முதலில் உறைப்பது ஒரு விஷயம். குளம் என்றதும் நாம் தேடும் நீலப் பரப்பு அங்கே கண்ணில் படுவதில்லை. இலைகளின் பச்சைதான் குளம். வட்டம் வட்டமாக இலை, இடையிடையே மலர்ந்ததும் மொட்டுமாகத் தாமரை, மீன், வாத்து, எருமை, யானை. அடிவானக் கோடு கிடையாது. இலையை மேலிருந்தும் மீனைப் பக்கத்திலிருந்தும் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறான் ஓவியன். தமிழில் காய்ச்சாத தண்ணீரைப் பச்சைத்தண்ணீர் என்கிறோம். அது வேறு பச்சை என்று இலக்கணக்காரர்கள் கோபிக்கலாம். எனக்கென்னவோ அந்த ஓவியன் கோபித்திருக்க மாட்டான் என்று படுகிறது.

குளத்துக்குள் மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். இருவர் மேனி கருஞ்சிவப்பு, ஒருவர் மேனி பளிச்சென்ற மஞ்சள். எந்த மனிதனின் தோலும் அந்தச் சிவப்பில் இருக்காது. ஆனால் அத்தனை பச்சைக்கு நடுவில் வேறெந்த நிறம் போட்டிருந்தாலும் ஆள் இலைக்குள் அமிழ்ந்திருப்பான். எதிரெதிர் நிறங்கள் அருகருகே இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்பதை விதியாக எழுதியவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸின் கொபெலாந் நெசவுச்சாலையில் கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராயப் போய், கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டவர். அவருடைய புத்தகம் 1839இல் வந்தது. சித்தன்னவாசல்காரன் விதியை எழுதவில்லை, கூரையில் போட்டுவிட்டுப் போனான், சுமார் ஆயிரம் வருடம் முந்தி.

அவன் கையில் என்னென்ன இருந்தன? சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்த ஓவியங்களை ஆராய்ந்தார். பாறைமேல் மணல் கலந்த சுண்ணாம்புப் பூச்சு, அதன் கனம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதன்மேல் அரை மில்லிமீட்டர் நேர்த்தியான சுண்ணாம்பு. அதற்கும் மேல்தான் நிறம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்குக் காவிக்கல், மஞ்சளுக்கு மஞ்சள் காவி, பச்சைக்குப் பச்சை மண். சுண்ணாம்பின் காரத்தில் பூச்சாறும் இலைச்சாறும் நிற்காது, வெளுத்துப்போகும். அதனால் மண்ணும் கல்லும்தான் கதி. நம் பிள்ளைகளின் டப்பாவில் இருப்பதைவிட அவனுக்குக் குறைவான நிறம். மேனிக்குக் கொஞ்சம் நெருக்கமாக இன்னொரு பழுப்பு கிடைத்திருந்தால் அந்தச் சிவப்பு நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நிலத்தை நிறத்தால் அறியும் பழக்கம் நம் மொழியிலேயே ஊறியிருக்கிறது. தொல்காப்பியம் மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் பூக்களின் பெயரைக் கொடுக்கிறது. குறிஞ்சி என்றால் நீலம் கலந்த ஊதா, முல்லை என்றால் வெண்மை, நெய்தல் என்றால் நீலம். காட்டின் தெய்வம் மாயோன், கரியவன். மலையின் தெய்வம் சேயோன், சிவந்தவன். மலை சிவப்பு, காடு கறுப்பு என்று ஒருவன் துணிந்து அடித்தால் அவனுக்கு நம்மிடம் பழைய ஆதாரம் இருக்கிறது.

ஐரோப்பா இந்த இடத்துக்குத் தாமதமாகவும் சத்தமாகவும் வந்தது. 1888இல் பிரான்ஸின் போன்த்-ஆவென் ஊரின் தோப்பு ஒன்றில் ஓவியர் கொகேன், இளம் ஓவியர் செருசியேயைப் பக்கத்தில் உட்காரவைத்து, மரம் மஞ்சளாகத் தெரிந்தால் இருப்பதிலேயே நல்ல மஞ்சளைப் போடு என்கிற ரீதியில் சொல்லிக்கொடுத்தார். விளைவு, கையகலப் பலகையில் ஒரு சிறிய ஓவியம். நண்பர்கள் அதற்கு 'தாயத்து' என்று பெயர் வைத்தார்கள். 1905 கோடையில் ஓவியர்கள் மத்திஸும் தெரானும் கொல்யூர் கடற்கரையில் வரைந்தவற்றைப் பாரிஸில் காட்டியபோது, அந்தக் கூட்டத்தை ஒரு விமர்சகர் காட்டுவிலங்குகள் என்றார். அதுவே பெயராக நிலைத்தது. நம் காலத்தில் இந்த வழியில் நெடுந்தூரம் நடந்தவர் வுல்ஃப் கான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1927இல் பிறந்து, சிறுவனாக நாஜிகளிடமிருந்து தப்பி, அமெரிக்கா சேர்ந்து, 2020இல் இறந்தவர். வெர்மான்ட் கிராமப்புறத்தின் களஞ்சியங்களையும் மரவரிசைகளையும் ஊதாவிலும் ஆரஞ்சிலும் எலுமிச்சை மஞ்சளிலும் பேஸ்டலால் வரைந்துகொண்டே இருந்தார். அதே களஞ்சியம், அதே மரம், பல்லாண்டுகள். உள்ளுணர்வு என்று அவர் படங்களைப் பார்த்துச் சொல்பவர்கள் அந்தப் பல்லாண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஈடான பெயர் கே.எம். ஆதிமூலம். இதே பழைய திருச்சி மாவட்டத்து ஆள். துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் 1966இல் படித்து முடித்தார். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள்தான் அவரை ஊரறியச் செய்தன. சிற்றிதழ் அட்டைகள், புத்தகத் தலைப்பெழுத்துகள், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட படங்கள் என்று தமிழ் வாசகர்களுக்கு அவர் முதலில் கறுப்பு மையின் ஓவியர். கரிசல் மண்ணைக் கறுப்புக் கோட்டிலேயே காட்டிவிட்டவருக்கு வண்ணம் எதற்கு என்றுகூடத் தோன்றும்.

அப்படிப்பட்டவர் வண்ணத்துக்குப் போனபோது ஒரேயடியாகப் போனார். பெரிய கான்வாஸ்களில் மனிதன் இல்லை, மரம் இல்லை, அடிவானமும் இல்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் அடர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுநடுவே வெடித்து நின்றன. அவற்றை வெறும் அருவம் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அவை நிலம். உழுத வயலை விமான ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோலச் சிலது. கோடையில் கண்ணை இறுக்கி மூடினால் இமைக்குள் தெரியும் சிவப்பைப்போலச் சிலது. சித்தன்னவாசல் கூரைக்கும் இந்தக் கான்வாஸ்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் வாதாட மாட்டேன். அடிவானத்தைக் கைவிட்டுவிட்டு, நிறத்தை வைத்தே இடத்தை உண்டாக்கும் துணிவு இரண்டிலும் இருக்கிறது, அவ்வளவே.

ஆதிமூலத்தின் வண்ணம் ஏன் கலைந்துபோகவில்லை என்பதற்கு விடை அவருடைய கறுப்பு மையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஓவியர்கள் 'டோன்' என்று சொல்வது ஒரு நிறத்தின் வெளிச்ச அளவை. மரத்தை நீலமாக அடிக்கலாம், சிவப்பாகவும் அடிக்கலாம்; அந்த இடத்தில் இருக்க வேண்டிய இருட்டும் வெளிச்சமும் சரியாக இருந்தால் கண் அதை மரம் என்று ஏற்றுக்கொள்ளும். டோன் பிசகினால் பச்சையாகவே அடித்தாலும் மரம் தாளில் ஒட்டாது. வருடக்கணக்காகக் கறுப்பு வெள்ளையிலேயே உழைத்தவருக்கு இது கையோடு வந்துவிடுகிறது. சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால், உங்களுக்குப் பிடித்த எந்த வண்ண நிலக்காட்சியையும் போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நல்லதாக இருந்தால் நிலம் அப்படியே நிற்கும். மோசமானது வெறும் சாம்பல் சேறாகிவிடும்.

துணிந்த வண்ணமும் கெட்டுப்போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை வட்டாரம் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பேர்போனது. வள்ளி திருமணம் நடக்கும் மேடையின் பின்னால் தொங்கும் 'காட்டு சீன்' திரையில் கத்தரிப்பூ நிற மலையும் ரோஸ் நிற வானமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாடகக் குழுவுக்குத் திரை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கி, சிவகாசிக் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்த சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் சாமிகளுக்குப் பின்னால் எழுதிய வானங்களும் அப்படித்தான். முதலில் எழுதியவருக்கு அது கண்டுபிடிப்பு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், நூறடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கு எட்ட வேண்டுமென்றால் அத்தனை உரத்த நிறம் வேண்டியிருந்தது. நூறாவது பிரதி எடுத்தவருக்கு அது வாய்பாடு. ரோஸ் வானம் வாய்பாடாகிவிட்டால் பழுப்பு மலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று ஃபிளெக்ஸ் பேனர்களில் கம்ப்யூட்டர் அள்ளிக்கொட்டும் அஸ்தமனங்களைப் பார்க்கும்போது பழைய காட்டு சீனே தேவலை என்று தோன்றுகிறது. அதிலாவது ஒரு கை நடுங்கியது தெரியும்.

அந்த ஊதா மலைப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, தெரியாது. அவளுக்குப் பரிசு கொடுக்காததில் எனக்கும் பங்குண்டு. அதனால் கீரனூர் வட்டாரத்து ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணிக்கு, பிள்ளைகளை மேலமலைக்குக் கூட்டிப்போங்கள். மாதிரிப் படம் எதுவும் வேண்டாம். ஏறுவதற்கு முன் எல்லோருடைய டப்பாவிலிருந்தும் பழுப்புக் குச்சியை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தால் போதும்.